மூன்றாவது ஓடு

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் கல்லூரி வாசலில் நான் பத்தடி அகலத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தேன். அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படத்தைப் பெரிதாக்கி பிளெக்ஸ் அடித்திருந்தார்கள். முகமெல்லாம் கலங்கி மூக்கு மட்டும் துலக்கமாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு சங்கு. நான் ஆராய்ந்தது சங்கு இல்லை. பிளெக்ஸ் கடைக்காரரிடம் சங்குப் படம்தான் இருந்திருக்கும். ஆழ்கடலில் புதிய உயிரினம் கண்டறிந்த எங்கள் பேராசிரியைக்கு வாழ்த்துகள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் பேராசிரியையும் இல்லை. கௌரவ விரிவுரையாளர். ஏப்ரலில் வேலை போய் ஜூனில் திரும்ப வருகிற ரகம்.

முதல்வரிடம் போய், வியாழக்கிழமை பிஎச்.டி. வைவா முடிந்த பிறகு வைத்திருக்கலாமே சார் என்றேன். அதெல்லாம் சடங்கு, எங்கே யாரை ஃபெயில் போட்டிருக்கிறார்கள் என்று சிரித்துவிட்டு, லோக்கல் கேபிள் டிவிக்காரரையும் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். நிரந்தர வேலைக்கு அந்த வருஷம் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. டாக்டர் பட்டம் கையில் இருந்தால் பட்டியலில் பெயர் வரும். இல்லாவிட்டால் அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது, எனக்கோ தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயது. அதனால் வியாழக்கிழமை எனக்குச் சடங்கு இல்லை.

ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்து போனைத் திறந்தால் வெளித் தேர்வாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். வேறு மாநிலத்துக்காரர், கடல் ஓட்டுயிர்களிலேயே முப்பது வருஷமாகக் கிடப்பவர். நாலே வரி. முதல் இரண்டில் என் படங்களைப் பாராட்டியிருந்தார். மூன்றாவது வரியில், நான் திறந்து பார்த்த இரண்டு மாதிரிகளும் இருந்த திரவத்தின் அமிலத்தன்மையைச் சோதித்தேனா என்று கேட்டிருந்தார். நான்காவதில், மூன்றாவது மாதிரியின் உள்ளே பார்க்க வழியே இல்லையா என்று.

எங்கள் குடும்பத்துக்குப் பொன் வேலை. பொடி வைத்து ஊதுவது எப்படி என்று பார்த்து வளர்ந்தவளுக்குப் பொடி வைத்து எழுதியிருப்பது தெரியாதா? காபியை அப்படியே வைத்துவிட்டேன்.

நான் எதைப் பற்றி ஆராய்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதையே விளங்காது. பிராக்கியோபாடு என்று ஒரு உயிர். பார்த்தால் சிப்பி என்றுதான் சொல்வீர்கள். சிப்பி இல்லை. சிப்பிக்கு இரண்டு ஓடுகளும் இடமும் வலமுமாக ஒன்றுக்கொன்று ஜோடி. பிராக்கியோபாடுக்கு மேலோடு ஒன்று, கீழோடு ஒன்று, இரண்டும் ஒரே அளவு இருக்காது. கீழோட்டின் நுனி கிளிமூக்குப் போல வளைந்து, அதில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாக ஒரு காம்பை வெளியே விட்டுக் கல்லையோ பவளத்தையோ பிடித்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஒரே இடத்தில் இருக்கும். ஆழ்கடலில், சூரியன் என்றால் என்னவென்றே தெரியாத இருட்டில்.

வெளியே பார்த்து இனம் சொல்ல முடியாது. பத்து இனம் ஒரே முகமாக இருக்கும். உள்ளே திறந்து பார்க்க வேண்டும். மேலோட்டின் உட்புறத்தில், கீல் பக்கத்திலிருந்து சுண்ணாம்பாலான இரண்டு கைகள் கிளம்பும். மயிரிழைக் கனம்தான். அது தன் உணவை வடிகட்டும் மெல்லிய இழைகளையெல்லாம் அந்தக் கைகள்தான் தாங்கும். சில இனங்களில் இரண்டு கைகளும் நடுவில் ஒரு பாலத்தால் சேர்ந்து முழு மோதிரமாக இருக்கும். சிலவற்றில் சேராமல் வாய் திறந்த மோதிரமாக நிற்கும். அந்தப் பாலம் உண்டா இல்லையா என்பதில்தான் ஒரு இனம் இன்னொன்றிலிருந்து பிரிகிறது. குட்டியாக இருக்கும்போது எல்லாவற்றுக்கும் வாய் திறந்துதான் இருக்கும், வளர்ந்த பிறகே சேரும். அதனால் முதலில் ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணி, இது வளர்ந்ததுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். நான் தவறவில்லை. எண்ணினேன், மூன்று முறை.

கடற்கரையில் இருக்கும் ஒரு ஆய்வு நிலையம் எனக்கு மூன்று ஓடுகளைக் கடனாகக் கொடுத்திருந்தது. ஆராய்ச்சிக் கப்பல் ஆழத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்த சேற்றில் கிடைத்தவை. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. இரண்டு சாராயத்தில், அதாவது ஆய்வகத்து எத்தனாலில், ஊறியபடி வந்தன. மூன்றாவது கப்பலிலேயே காய்ந்துபோய், ஒரு கூழாங்கல்லைப் பிடித்த காம்போடு வந்தது. அதை மட்டும் அண்ணன் பட்டறையிலிருந்து ஒரு மோதிர டப்பா வாங்கிப் பஞ்சு வைத்து அதில் வைத்தேன்.

ஊறிய இரண்டையும்தான் திறந்தேன். பாலம் இல்லை. கைகளின் முனை ஊசி போலக் கூர்ந்து முடிந்தது. ஓட்டின் மேற்பரப்போ பளபளப்பில்லாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. இந்த மூன்று அடையாளங்களும் சேர்ந்தாற்போல் தெரிந்த எந்த இனத்திலும் இல்லை. ஒன்றில் பாலம் உடைந்திருக்கலாம், இரண்டிலும் ஒரே இடத்திலா உடையும்? அப்படித்தான் என் கைடிடம் வாதாடினேன். மூன்றாவது ஓடு மட்டும் கண்ணாடி போல மினுங்கியது. காய்ந்ததால் மினுங்குகிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஆசைப்பட்டவளுக்குக் காரணமா கிடைக்காது? என் ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயம் முழுக்க அந்தப் புது இனம்தான். எங்கள் ஊர்ப் பெயரிலேயே அதற்குப் பெயரும் வைத்தாயிற்று.

மின்னஞ்சலைப் படித்த கையோடு ஆய்வகத்துக்குப் போனேன். அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து, ஒரு நீல லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்தது. வெட்கப்பட்டுச் சிவந்த மாதிரி இல்லை, குங்குமம் மாதிரி.

பாட்டிலில் அப்போது இருந்தது சாராயம் இல்லை, பார்மலின். அது என் குற்றத்தின் முதல் பாதி. ஆய்வகத்தில் சாராயம் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். வருஷா வருஷம் சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். பஸ்ஸில் அந்தப் பைலை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது, என்ன மேடம் லைசென்ஸ் வாங்கவா என்று தெரிந்தவர்கள் கேலி பண்ணுவார்கள். ஓடுகள் வந்த வருஷம் விண்ணப்பம் போட நானும் மறந்தேன், கல்லூரி ஆபீசும் மறந்தது. இருந்த சாராயம் ஆவியாகிக் குறைந்துகொண்டே வந்தது. ஓடுகள் அழுகிவிடும் என்று பயந்து பார்மலினில் மாற்றினேன். பார்மலின் நாளாக ஆகப் புளித்து அமிலமாகும், அமிலம் சுண்ணாம்பைத் தின்னும். அது எனக்குத் தெரியாததில்லை. அதற்காகத்தான் அதில் வெண்காரம் போட வேண்டும், பத்தர்கள் நகையைப் பற்றவைத்து ஒட்டும்போது போடுகிற அதே வெண்காரம். போட்டால் புளிக்காது. நானும் போட்டேன். அப்படியிருக்கத் தாள் ஏன் சிவக்கிறது?

பாட்டிலின் அடியில் வெள்ளையாகக் கசடு படிந்திருந்தது. சதை கரைந்த கசடு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மேசை இழுப்பறையில் மிச்சம் வைத்திருந்த பொட்டலம் இருந்தது. என் கையெழுத்தில் வெண்காரம் என்று எழுதியிருந்தது. வெள்ளையாக, கற்கண்டு உடைத்த மாதிரி கட்டிகள். அதைப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியான வகுப்பை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்தேன்.

அண்ணன் காரைக்குடியில் நகைக்கடைகளுக்கு வேலை செய்து கொடுக்கிறார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஏசி, சிசிடிவி, கேஸ் டார்ச் எல்லாம் உண்டு. வெண்காரம் எடுத்தது அங்கேதான். நான் எடுக்கப் போன அன்றைக்கு அவர் புதுவயலில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டுக்குக் கல்யாண நகை கொடுக்கப் போயிருந்தார். மதினி அடுப்படியில் இருந்தார். கேட்டு எடுக்க நான் என்ன அசலூராளா? பத்தர் வீட்டில் பிறந்தவளுக்கு வெண்காரம் எது என்று யாராவது சொல்ல வேண்டுமா? நேரே உள்ளே போய், அலமாரியில் இருந்த டப்பாவைத் திறந்து, ஒரு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அந்தப் பொட்டலத்தை அண்ணன் முன்னால் பிரித்து வைத்தேன். இது என்ன என்று மட்டும் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். கரிக்கட்டை ஒன்றை இழுத்து அதன் மேல் இரண்டு குழி பறித்தார். ஒரு குழியில் அலமாரியிலிருந்து எடுத்த ஒரு கட்டியை வைத்தார், இன்னொன்றில் என்னுடையதை. டார்ச்சைப் பற்றவைத்து முதல் கட்டியின் மேல் காட்டினார். அது பொரி மாதிரி பொங்கியது, பிறகு சுருண்டு, இளகி, கண்ணாடித் துளியாக உருண்டு நின்றது. அதுதான் வெண்காரம். அடுத்து என்னுடையது. அதுவும் பொங்கியது. இளகு, இளகு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவர் தீயை எடுக்காமல் காட்டிக்கொண்டே இருந்தார். அது பொங்கியபடியே வறண்டு வெள்ளை நுரையாக நின்றுவிட்டது.

“இது படிகாரம்த்தா,” என்றார்.

படிகாரமும் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். பற்றவைத்த நகையில் ஏறிய கருப்பை எடுக்க, படிகாரம் போட்ட தண்ணீரில் கொதிக்க வைப்பார்கள். அது அமிலம், அதனால்தான் கருப்பை எடுக்கிறது. புளிக்காமல் இருக்க மருந்து போடுவதாக நினைத்துக்கொண்டு, புளிப்பையே ஊற்றி வைத்து, ஏழு மாசம் கழித்து அந்த ஓடுகளைத் திறந்திருக்கிறேன். கைகள் இரண்டும் சேரும் இடத்தில் பாலம்தான் எல்லாவற்றிலும் மெல்லியது. அதுதான் முதலில் கரைந்து அந்தக் கசடாகியிருக்கும். இரண்டிலும், ஒரே இடத்தில். ஊசி முனையும் சுண்ணாம்பு மேனியும் அந்த உயிருக்குக் கடவுள் கொடுத்தவை இல்லை, நான் கொடுத்தவை.

கோபம் அவர் மேல்தான் வந்தது. எப்போதும் அப்படித்தான், என் தப்புக்கு முதலில் ஆள் தேடுவேன்.

“ரெண்டையும் ஒரே மாதிரி டப்பாவுல வச்சிருக்கீக. பேரு எழுதி ஒட்டுனா என்ன, கை தேஞ்சா போயிரும்?”

“எனக்கெதுக்குத்தா பேரு? நாக்குல வச்சாத் தெரியுது. படிகாரம்னா நாக்கு இழுக்கும், துவர்க்கும். நீ நாக்குல வச்சுப் பாத்தியா?”

நான் பார்க்கவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் டப்பாவைத் திறந்து நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்புவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன். அது சோதனை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. மயிரிழையில் இனம் பிரிக்கிறேன் என்று பட்டம் வாங்கப் போகிறவளுக்கு இரண்டு வெள்ளைக் கட்டிகளைப் பிரிக்கத் தெரியவில்லை.

மதினி காபியோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவதைத் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். சொன்னேன். பாலம் இருந்தால் புது இனம் என்பதே கிடையாது, ஏற்கனவே பெயருள்ள பழைய இனம்தான். இல்லாவிட்டால் நான் பிழைத்தேன், படிகாரம் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. காய்ந்த ஓடு; திறக்கும்போதே பாலம் உடைந்துபோனால் இருந்ததா இல்லையா என்று இனிமேல் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

“அப்பத் தொறக்காமயே விட்டுருங்களேன். முழுசா இருக்கட்டும்னு வச்சிருக்கேன்னு சொன்னா யாரு கேக்கப் போறாக?”

மதினி சொன்னதில் பொய் இல்லை. புது இனம் என்று சொல்லும்போது ஒரு மாதிரியை முழுசாகப் பாதுகாப்பது மரபுதான். தேர்வாளர் தலையாட்டுவார், பட்டம் வரும், பட்டியலில் பெயர் வரும். பார்மலினைக் கொட்டிவிட்டுச் சாராயம் ஊற்றிவிட்டால் லிட்மஸும் வாயைத் திறக்காது. அண்ணன் கரிக்கட்டையிலிருந்த நுரையை ஊதிவிட்டார். அவருக்கும் அதே யோசனைதான் ஓடியது என்று முகத்தில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் மனுஷியாக இல்லை. வகுப்பில் மண்புழுவை நடத்த வேண்டிய இடத்தில் கரப்பான் பூச்சியை நடத்தினேன். முதல்வர் கூப்பிட்டு, கேபிள் டிவியில் பேசும்போது கல்லூரிப் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். சரி என்றேன். காளையார்கோவிலிலிருந்து பெரியம்மா மகள் போன் பண்ணி, டாக்டரம்மா என்று கூப்பிட்டாள். வாசலில் அந்தப் பிளெக்ஸைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன்.

மத்தியானம் மோதிர டப்பாவைத் திறந்து, மூன்றாவது ஓட்டை ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன். தண்ணீரை முதலில் லிட்மஸில் பார்த்தேன், இப்போதுதானே புத்தி வந்திருக்கிறது. காய்ந்த சதை இளகினால்தான் திறக்க முடியும். ஊறப்போட்டால் திறந்தே தீர வேண்டும் என்று இல்லை, மறுபடி காயவைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது ஞாபகம் வந்தது அந்த ஆய்வு நிலையத்தில் பார்த்த ஒரு பாட்டில். ஓடுகளைக் கடன் வாங்கப் போனபோது அலமாரியைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு பாட்டிலுக்குள் மூன்று சீட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு இனத்தின் பெயர், இனம் கண்டறிந்தவர் என்ற இடத்தில் வேறு வேறு ஆள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இனத்தைத் தப்பாகச் சொன்ன சீட்டைக் கிழித்துப் போடக் கூடாது. சரியானதை எழுதி முன்னால் வைத்து, பழையதையும் பின்னாலேயே விட்டுவிட வேண்டும். அடியில் கிடந்த முதல் சீட்டில் யாரோ ஒரு புண்ணியவான் பிராக்கியோபாடை மட்டிச் சிப்பி என்று எழுதி வைத்திருந்தார். நான் அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். இதுகூடத் தெரியாமல் இங்கே உட்கார்ந்து என்ன செய்தார் என்று கேட்டேன். காட்டிக்கொண்டிருந்தவர் சிரிக்கவில்லை.

நான் நல்லவள் என்பதால் திறக்க முடிவு செய்தேன் என்று சொன்னால் அது புளுகு. என்றைக்காவது எவளாவது அந்த ஓட்டைக் கடன் வாங்கித் திறப்பாள், பார்ப்பாள், சிரிப்பாள் என்கிற பயம் பாதி. உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை என்பது மீதி.

புதன்கிழமை காலை லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். ஆய்வகத்தில் செய்திருக்கலாம். அங்கே ஆள் நடமாட்டம், போதாததற்கு முதல்வர் வேறு எட்டிப் பார்ப்பார். அண்ணனிடம் நல்ல விளக்கு இருக்கிறது, நடுங்காத மேசை இருக்கிறது, கல் பதிப்பவர்கள் பொருளை அசையாமல் பிடித்து வைக்கும் மெழுகு இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பைத் துணியில் சுற்றி ஸ்கூட்டியின் முன்னால் வைத்து எடுத்துப் போனேன். அண்ணன் ஏசியை அணைத்தார், மூச்சுக்காற்றுக்கே பறக்கிற சாமான் என்று சொல்லியிருந்தேன். சிரித்துக்கொண்டே வாசல் கதவைத் தாழ் போட்டார்.

நீங்களே திறந்து கொடுங்கள், உங்கள் கை நடுங்காது என்று கேட்டேன். உண்மையாகவே கெஞ்சினேன். மாட்டேன் என்றார். அவர் திறந்து உடைந்தால் நான் ஆயுசுக்கும் அவரைத்தான் சொல்லுவேன் என்றார். என்னைத் தெரிந்த மனுஷர்.

கீழோட்டை மெழுகில் அமர்த்தினேன். இந்த ஓடு சிப்பி மாதிரி வாயைப் பிளக்காது. கீலில் பல்லும் குழியுமாகக் கோத்திருக்கும், கொஞ்சம்தான் திறக்கும். அந்தக் கொஞ்ச இடைவெளியில் மெல்லிய தகட்டை விட்டு உள்ளே இருக்கும் தசையை அறுக்க வேண்டும், பிறகு பல்லைக் குழியிலிருந்து மெல்ல நெம்ப வேண்டும். மேலோட்டோடு ஒட்டிக்கொண்டுதான் அந்த மோதிரம் இருக்கிறது. தகடு ஒரு மயிரளவு உயர்ந்தால் அதன் மேல் இடிக்கும்.

முதல் தசை அறுந்தது கையில் தெரிந்தது. இரண்டாவது இழுத்தது, வரவில்லை. தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தேன். அண்ணன் விளக்கைப் பிடித்திருந்தார். வெளியே மீன்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார். கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். இரண்டாவதும் அறுந்தது. இனி பல். இடது பக்கம் கழன்றது. வலது பக்கம் நெம்பும்போது டிக் என்று ஒரு சத்தம் வந்தது.

இருவருக்கும் கேட்டது. போச்சு என்று நினைத்தேன். அந்த ஒரு நொடியில் எனக்குள்ளே ஒன்று சந்தோஷப்பட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். உடைந்திருந்தால் யார் மேலும் பழி இல்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது, என் புது இனம் பிழைத்துக்கொள்ளும்.

அண்ணன் குனிந்து பார்த்து, கீல் பல் ஒன்று முறிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். சாமண இடுக்கியால் மேலோட்டைத் தூக்கிக் கிண்ணத்துத் தண்ணீரில் மல்லாக்க வைத்தேன். சதை ஒரு பழுப்பு நூலாக மோதிரத்தைச் சுற்றிக் கிடந்தது. ஊசியால் அதை விலக்கினேன், இழை இழையாக. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

பாலம் இருந்தது. இரண்டு கைகளும் வளைந்து வந்து நடுவில் சேர்ந்து, முழு மோதிரமாக, எங்கும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. விளக்கு வெளிச்சம் அதற்குள்ளே ஊடுருவிப் போனது. இவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் நான் கண்ணால் பார்த்ததில்லை. அது இல்லை என்றுதான் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தேன். கண்ணை எடுக்காமலே அழுதேன், லென்ஸ் நனைந்துவிட்டது.

அண்ணனை நகர்ந்து பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“பத்தவச்ச எடமே தெரியலையேத்தா,” என்றார்.

பத்தர் ஒருவர் சொல்லக்கூடிய பாராட்டில் அதற்கு மேல் இல்லை.

வியாழக்கிழமை வைவாவுக்குக் கூடம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் முதல்வர், பக்கத்தில் கேமராவோடு கேபிள் டிவிக்காரர். முந்தின நாள் சாயங்காலமே கைடுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மேடையில் நீயே சொல்லு என்று அவர் போனை வைத்துவிட்டார். நாலாவது அத்தியாயம் வந்ததும் அச்சடித்த படங்களுக்குப் பதிலாக, புதன்கிழமை எடுத்த ஒரே படத்தைத் திரையில் போட்டேன். இதில் பாலம் இருக்கிறது, மற்ற இரண்டிலும் அதைக் கரைத்தது என் படிகாரம், இது புது இனம் அல்ல என்று சொன்னேன். முதல்வர் கேமராக்காரரைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கச் சொல்லி ஜாடை காட்டினார்.

எப்போது திறந்தீர்கள் என்று தேர்வாளர் கேட்டார். நேற்று என்றேன். நான் கேட்காமல் இருந்திருந்தால் திறந்திருப்பீர்களா என்றார். இல்லை சார் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என்னமோ எழுதிக்கொண்டார்.

நாலாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டு, திருத்தி எழுதி மறுபடி சமர்ப்பிக்கச் சொன்னார்கள். பட்டம் கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தப் பட்டியல் என் பெயர் இல்லாமலே வெளியானது. முதல்வர் ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிளெக்ஸை வாட்ச்மேன் கேட்டு வாங்கிப் போய் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டார். மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை மேடம் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அந்த ஏப்ரலில் வேலை போனது, ஜூனில் திரும்ப வந்தது.

ஓடுகளைத் திருப்பி அனுப்பும் நாள் வந்தது. சாராய அனுமதி அதற்குள் கிடைத்துவிட்டது, நானே சிவகங்கைக்குப் போய் வாங்கினேன். பெட்டி கட்ட உதவிக்கு அண்ணன் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். அரிக்கப்பட்ட இரண்டையும் கழுவிப் புதுச் சாராயத்தில் போட்டு, புதுச் சீட்டு எழுதினேன். பழைய இனத்தின் பெயர். கீழே, படிகாரத்தில் கிடந்து அரிக்கப்பட்டவை, அதில் போட்டது நான். அதற்கும் கீழே, இனம் கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயர். அதை முன்னால் வைத்தேன். எங்கள் ஊர்ப் பெயரை வைத்து நான் எழுதிய பழைய சீட்டு பாட்டிலுக்குள் பின்னால் நின்றது.

“அதையும் எதுக்குத்தா உள்ளயே விடுற? எடுத்துப் போட்டுரு.”

“எடுக்கக் கூடாதுண்ணே.”

ஏன் என்று கேட்டார். வழக்கத்தைச் சொன்னேன். இனி அதைத் திறக்கிறவர்கள் இரண்டையும் படிப்பார்கள் என்றேன். அவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்சீட்டையும் பின்சீட்டையும் மாறி மாறிப் படித்தார். தப்பாகச் சொன்னவர் இருந்த இடத்திலும் சரியாகச் சொன்னவர் இருந்த இடத்திலும் ஒரே பெயர். என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் மூடியை இறுக்கி, மூன்றாவது ஓடு இருந்த மோதிர டப்பாவுக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்தேன்.